காணாமல் போனவரின் வேலை யாருக்கு?



நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பேசுவார்கள், இல்லையென்றால் வரலாறு பேசுவார்கள். நான் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைச் சொன்னபோது அழைத்த தோழர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். "வாரிசு வேலை பற்றியா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம், வாரிசு வேலை பற்றித்தான். அரசு ஏடுகளில் அதற்குக் கருணை அடிப்படையிலான பணி நியமனம் என்று பெயர். இறந்த ஊழியரின் குடும்பத்துக்கே அது எளிதில் கிடைப்பதில்லை. ஊழியர் இறந்தாரா என்பதே தெரியாத வீட்டுக்கு என்ன வழி என்பதுதான் என் கேள்வி. துறைமுகமும் உப்பளமும் சங்குகுளியும் உள்ள இந்தக் கரையில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. கடலில் போனவரின் உடல் எப்போதும் கரைக்கு வருவதில்லை.

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது எந்தத் தனி வீட்டின் கதையும் அல்ல. விஷயம் விளங்குவதற்காக நானே அமைத்துச் சொல்கிறேன். கணவருக்கு 44 வயது, உள்ளாட்சி அமைப்பொன்றில் நிரந்தரத் துப்புரவுப் பணியாளர். மனைவி வீட்டு வேலை செய்கிறார். மகள் பிளஸ் டூ. ஒருநாள் அதிகாலை வேலைக்கென்று கிளம்பிய மனிதர் வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை.

முதல் மூன்று நாள் சொந்தக்காரர் வீடுகளில் தேடுவதில் போகும். நான்காம் நாள் காவல் நிலையம். அங்கே புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுப்பார்கள். அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து அந்த அக்கா பத்திரமாக மடித்து வைத்துக்கொள்வார். அலுவலகத்தில் மேஸ்திரி வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டுக்கொண்டே இருப்பார். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு மெமோ வரும். அனுமதியின்றிப் பணிக்கு வராததற்கு விளக்கம் கேட்டு, காணாமல் போனவர் பெயருக்கே வரும். என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா அதை வாங்க மறுப்பார், அல்லது வாங்கிப் பெட்டியில் போடுவார். பதில் இல்லை என்று கோப்பில் எழுதுவார்கள். அடுத்து சார்ஜ் மெமோ, அடுத்து ஒருதலை விசாரணை, அடுத்து பணிநீக்கம்.

ஆறு ஏழு ஆண்டு கழித்து நீதிமன்றம் அந்த மனிதரை இறந்தவராகக் கருதலாம் என்று சொல்லும்போது, அலுவலகத்தின் பதில் தயாராக இருக்கும்: "பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்குத்தான் வேலை. இவர் நீக்கப்பட்டவர்."

செத்தவனை வேலையை விட்டு நீக்க முடியாது. உயிரோடு இருப்பவனின் வாரிசுக்கு வேலை தர முடியாது. காணாமல் போனவனை மட்டும் இரண்டு பக்கமும் வைத்து அடிக்க முடிகிறது. இது எப்படி நடக்கிறது என்று சட்டத்தின் வழியாகவே பார்க்கலாம்.

ஏழு ஆண்டு எங்கிருந்து வந்தது?

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 107, 108 என்று அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் இருந்தன. முப்பது ஆண்டுக்குள் உயிரோடிருந்ததாகத் தெரிந்த ஒருவர் இறந்துவிட்டார் என்று யார் சொல்கிறாரோ அவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது முதல் பிரிவு. ஒருவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டாக எதுவும் கேள்விப்படவில்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது இரண்டாவது. அதாவது ஏழு ஆண்டில் சுமை தோள் மாறுகிறது, அவ்வளவுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தில் இவை 110, 111 என்று எண் மாறியிருக்கின்றன. உள்ளடக்கம் அதேதான்.

இந்த ஏழு நம்முடையது அல்ல. இங்கே இந்துச் சட்ட வழக்கில் பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு பேசப்பட்டது. ஏழு இங்கிலாந்திலிருந்து வந்தது. 1603இல் அங்கே இருதார மணச் சட்டம் ஒன்று வந்தது. ஏழாண்டு கடல் கடந்துபோன துணையைப் பற்றிய செய்தி இல்லாமல் மறுமணம் செய்தவருக்கு அதில் விலக்கு இருந்தது. 1666இல் இன்னொரு சட்டம். அந்தக் காலத்தில் நிலக் குத்தகையை ஓர் ஆளின் ஆயுள் வரை என்று எழுதுவார்கள். அந்த ஆள் கப்பலேறிப் போய்விட்டால், குத்தகை முடிந்ததா இல்லையா என்று நிலக்காரருக்குத் தெரியாது. ஆகவே ஏழாண்டு தகவல் இல்லையென்றால் அந்த ஆள் இறந்ததாகக் கொண்டு நிலத்தை மீட்டுக்கொள்ளலாம் என்றார்கள். நிலக்காரர் நிலத்தைத் திரும்பப் பெறுவதற்கு வைத்த கெடு அது. மாதச் சம்பளத்தில் அரிசி வாங்கும் வீடு எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் அன்று கணக்குப் போடவில்லை. அந்த வீட்டுக்காக எழுதப்பட்ட சட்டமும் அல்ல.

அதே கெடுவைத்தான் இன்று துப்புரவுப் பணியாளரின் மனைவியிடம் நீட்டுகிறோம்.

இதன் இன்னொரு முனையைப் பாருங்கள். 1994இல் உமேஷ் குமார் நாக்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கருணை நியமனத்தின் நோக்கத்தைத் தெளிவாகச் சொன்னது. சம்பாதிப்பவர் திடீரென்று போனதால் குடும்பம் விழும் நெருக்கடியைத் தாண்ட உதவுவது நோக்கம். அது பரம்பரை உரிமை அல்ல. காலம் கடந்து, நெருக்கடி தீர்ந்த பிறகு கேட்கக்கூடாது. 2023இல் மேற்கு வங்க வழக்கொன்றிலும், நீண்ட தாமதத்துக்குப் பின் கருணை நியமனம் கேட்பது அந்த நோக்கத்துக்கே பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனியே படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. இதையும் ஏழாண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஏழாண்டு காத்திரு, அப்போதுதான் அவர் இறந்தவர் ஆவார். ஏழாண்டு சமாளித்துவிட்டாயே, இனி உனக்கு ஏன் வேலை? இரண்டு வாக்கியத்தையும் ஒரே பெண்ணிடம்தான் சொல்கிறார்கள். அந்த ஏழாண்டை அவர் எப்படிச் சமாளித்தார், எந்தக் கந்துவட்டிக்காரரிடம் நின்றார், மகள் பிளஸ் டூவோடு எந்த மீன் கம்பெனிக்கு இறால் உரிக்கப் போனாள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை.

தமிழ்நாட்டு அரசுப் பணியில் ஊழியர் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கெடு வேறு உண்டு. காணாமல் போனவருக்கு அந்த நாள் எது?

இந்தக் கேள்விக்கு 2004இல் எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் ஒரு பதில் வந்தது. காணாமல் போனவரின் காப்பீட்டுப் பணம் பற்றிய வழக்கு. ஏழாண்டு கழித்து வருவது இறந்தார் என்ற அனுமானம் மட்டுமே, எப்போது இறந்தார் என்ற அனுமானம் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். காணாமல் போன அன்றே இறந்தார் என்றும் தானாகக் கொள்ள முடியாது. ஏழாண்டு முடிந்த அன்று இறந்தார் என்றும் கொள்ள முடியாது. நாளைச் சொல்பவர் சாட்சியத்தால் நிறுவ வேண்டும்.

நம் தோழர்கள் பலர் இதைக் குடும்பத்துக்கு எதிரான தீர்ப்பாக மட்டும் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குள் ஒரு வழி இருக்கிறது. நாளைச் சாட்சியத்தால் நிறுவலாம் என்றால், ஏழாண்டுக்கு முன்னமே மரணத்தையும் சாட்சியத்தால் நிறுவலாம். ஏழாண்டு என்பது எதுவுமே தெரியாத நிலைக்கான ஏற்பாடு. புயலில் சென்ற படகு, கவிழ்ந்ததைப் பார்த்த பக்கத்துப் படகு, கரை ஒதுங்கிய பலகை, அன்றைய வானிலை அறிவிப்பு, அதற்குப் பின் ஒருமுறைகூட இயங்காத செல்போன், தொடாத வங்கிக் கணக்கு எல்லாம் சாட்சியம்தான். இவை இருக்கும்போது ஏழாண்டு காத்திருக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. அலுவலக மேசைகள்தான் அப்படிச் சொல்கின்றன. நாமும் நம்பிவிடுகிறோம்.

உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்குப் போடும்போது, 'இறந்ததாக அறிவிக்க வேண்டும்' என்று மட்டும் கேட்டுவிட்டு வருவது பெரிய பிழை. இன்ன நாளில் அல்லது அதையொட்டி இறந்தார் என்று நாளையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அதற்குச் சாட்சியும் வைக்க வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வயதுக் கணக்கு ஒன்று இருக்கிறது. மாநில அரசில் ஓய்வு வயது 60. காணாமல் போகும்போது ஒருவருக்கு 54 என்று வையுங்கள். ஏழாண்டு கூட்டினால் 61. நாள் சொல்லாத தீர்ப்பைக் கொண்டுபோனால், "அவர் பணியில் இருக்கும்போது இறக்கவில்லையே, ஓய்வு வயதைத் தாண்டித்தானே இறந்திருக்கிறார்" என்று கோப்பை மூடிவிடலாம். சட்டத்தில் மட்டும் ஓய்வுபெறும் வரை வாழ்ந்த மனிதர், ஒரு நாள் ஓய்வூதியமும் வாங்காதவர்!

இரண்டு ஆண்டில் கேட்கலாம் என்ற உத்தரவு

மத்திய அரசின் பணியாளர் துறை 1998 அக்டோபர் 9ஆம் தேதி ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. பின்னர் 2013 ஜனவரியில் எல்லாவற்றையும் தொகுத்து மறுபடி வெளியிட்டார்கள். காணாமல் போன ஊழியரின் குடும்பமும் கருணை நியமனம் கேட்கலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஏழாண்டு வேண்டாம். குறைந்தது இரண்டு ஆண்டு கடந்திருக்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்க வேண்டும், ஆள் தென்படவில்லை என்றிருக்க வேண்டும், விவகாரம் உண்மையானது என்று அதிகாரிக்குத் தோன்ற வேண்டும்.

விலக்குகளும் உண்டு. ஓய்வுக்கு இரண்டு ஆண்டுக்குள் இருந்தவரென்றால் கிடையாது. மோசடி செய்ததாகவோ பயங்கரவாத அமைப்பில் சேர்ந்ததாகவோ வெளிநாடு சென்றதாகவோ சந்தேகிக்கப்பட்டவரென்றாலும் கிடையாது. சந்தேகம் போதும், நிரூபணம் வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். துறைமுக ஊரில் வெளிநாடு போயிருக்கலாம் என்ற சந்தேகத்தை யார்மேல் வேண்டுமானாலும் போடலாம். கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் தோணி போன ஊர் இது. இந்த ஒரு வரியை அறியாமல், விசாரணைக்கு வந்த காவலரிடம் "மாலிக்குக் கீலிக்குப் போயிட்டாரோ என்னவோ" என்று அழுதுகொண்டே சொன்னால், அந்த வாக்கியம் கோப்பில் ஏறிவிடும்.

இறுதி முடிவைத் துறைச் செயலர் நிலையில்தான் எடுக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து தில்லி எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இருந்தாலும் இந்த உத்தரவு நமக்குப் பெரிய ஆயுதம். 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு இப்போது வ.உ.சி. பெயரில் இயங்கும் துறைமுகம், பொதுத்துறை நிறுவனங்கள், வங்கிகள் என்று ஒவ்வொன்றும் தனித்தனித் திட்டம் வைத்திருக்கும். அவர்கள் மத்திய உத்தரவை ஏற்றிருக்கிறார்களா, காணாமல் போனவர் பற்றித் தங்கள் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதுதான் முதல் வேலை. பத்து ரூபாய் செலவு. அதைச் செய்யாமல் நேரே நீதிமன்றம் போகிறவர்கள் பாதி வழியில் திரும்புகிறார்கள்.

ஓய்வூதியப் பக்கம் இதைவிட வெளிச்சம். மத்திய அரசு ஊழியர் காணாமல் போனால், எஃப்.ஐ.ஆர். பதிந்து ஓராண்டு கழித்துக் குடும்ப ஓய்வூதியம் தரலாம் என்று 1986இலேயே உத்தரவு வந்தது. பிறகு அந்த ஓராண்டை ஆறு மாதமாகக் குறைத்தார்கள். ஆள் திரும்பி வந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று குடும்பம் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும். இறந்தாரா இல்லையா என்று யாரும் முடிவுகட்டவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் ஓய்வூதியம் தர முடிந்த அரசுக்கு, திரும்பி வந்தால் விலகிக்கொள்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒரு தற்காலிக வேலை தர முடியாதா? முடியும் என்றே நினைக்கிறேன். கேட்பார் இல்லை.

கடலுக்கென்று இருந்த கணக்கு

சட்டம் எப்போதும் ஏழாண்டு காத்திருந்ததில்லை. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தில், துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்ட கப்பலைப் பற்றிப் பன்னிரண்டு மாதம் தகவல் இல்லையென்றால், மாலுமிகளின் சம்பளக் கணக்குக்காக அது எல்லாரோடும் மூழ்கியதாகக் கொள்ளப்படும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தில், கப்பல் அப்படி மூழ்கியிருந்தால் மாலுமியின் குடும்பம் பதினெட்டு மாதத்துக்குள் ஈட்டுத்தொகை கேட்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஏழாண்டு காத்தால் கெடுவே போய்விடும். கப்பல் காணாமல் போனால் ஓராண்டு, மனிதன் காணாமல் போனால் ஏழாண்டு. கப்பலுக்கு முதலாளி இருக்கிறார், காப்பீடு இருக்கிறது, கணக்கை முடிக்க வேண்டியவர்கள் அவசரத்தில் இருக்கிறார்கள்.

இனி, கருணை நியமனம் என்ற பேச்சே இல்லாத பெரும்பான்மைக்கு வருகிறேன். உப்பளத்தில் வரப்பு மிதிப்பவர், துறைமுகத்தில் ஒப்பந்தக்காரரின் கீழ் மூட்டை தூக்குபவர், அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளுபவர், சங்கு குளிப்பவர். இவர்களுக்கு வாரிசு வேலை கிடையாது, ஏனென்றால் வாரிசாகப் பெறுவதற்கு ஒரு வேலையே அவர்கள் பெயரில் இல்லை.

பழைய முத்துக்குளிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. சுறாவைக் கட்டுவதற்கு மந்திரம் சொல்லும் கடல்கட்டி என்பவரைச் சர்க்கார் வைத்திருந்தது. அவர் கரையில் இருந்து மந்திரிக்காவிட்டால் குளியாளிகள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். அந்தப் பதவி ஒரே குடும்பத்தில் பரம்பரையாக வந்தது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கரையில் உட்கார்ந்து மந்திரித்தவருக்கு வாரிசு வேலை இருந்தது. கல்லைக் காலில் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கியவருக்கு இல்லை. அவருக்கு எடுத்த சிப்பியில் ஒரு பங்கு, மீதி சர்க்காருக்கு. இந்தக் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. பங்குமுறை மட்டும் முடியவில்லை.

திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்று கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். குழாய் மடங்கினாலும் இயந்திரம் நின்றாலும் மேலே வர நேரம் இருக்காது. நீரோட்டம் இழுத்துப்போனால் உடலும் கிடைக்காது. படகுக்காரரிடம் போனால், "அவன் எனக்குக் கூலியாள் இல்லை, பங்காளி" என்பார். கூலி கேட்கும் நாள் வரை இல்லாத பங்காளி உறவு, ஈட்டுத்தொகை கேட்கும் நாளில் திடீரென்று முளைக்கும்.

தண்ணீருக்குள் வேலை செய்யும் குளியாளி தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டவர். இந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. கணக்குமுறை பழையதுதான். இறப்பென்றால் மாதக் கூலியில் பாதியை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதக் கூலியை 15,000 என்று எடுத்தால் பாதி 7,500. பெருக்கினால் 13,81,275 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டவில்லையென்றால் வட்டியும் உண்டு. கரையில் பஞ்சாயத்துப் பேசி இரண்டு லட்சத்துக்குக் கைநாட்டு வாங்குகிறவர்களிடம் இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரர் ஓடிப்போனாலும் முதன்மை முதலாளி பொறுப்பாளி. வேலைவிபத்தில் ஒருவர் இறந்தார் என்று எந்த வழியில் தகவல் வந்தாலும், முதலாளியிடம் முப்பது நாளில் விளக்கம் கேட்க ஆணையருக்கு 1923ஆம் ஆண்டின் சட்டமே அதிகாரம் கொடுத்தது. எந்த வழியில் என்றால், நீங்கள் எழுதும் கடிதமும் ஒரு வழி. கோருவதற்கு இரண்டு ஆண்டுக் கெடு. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை ஏற்கலாம். அலுவலகத்தில் ஏழாண்டு கழித்து வா என்று சொன்னதை நம்பி இந்த இரண்டு ஆண்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

கடலோரத் தலித்துகள் என்றொரு பிரிவு இருப்பதே நம் இயக்கங்களில் பலருக்கு நினைவில் இல்லை. சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுட்ட கடையர்கள் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். 2021இல் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரில் சாதிகளைச் சேர்த்தபோது, தூத்துக்குடி உள்ளிட்ட ஏழு மாவட்டங்களின் கடலோரக் கடையர்களை மட்டும் அதில் சேர்க்காமல் தனியே விட்டார்கள். மீனவர் பிரச்சினை என்று பேசும்போது அவர்கள் விடுபடுகிறார்கள், தலித் பிரச்சினை என்று பேசும்போதும் விடுபடுகிறார்கள்.

ஒக்கி காட்டியது

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் திரும்பவில்லை. டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பங்குத்தந்தைகளும் ஊர்க் கமிட்டிகளும் வீடு வீடாகப் பெயர் எழுதிப் பட்டியல் வைத்தார்கள். கடைசியில் தமிழ்நாடு அரசு, உடல் கிடைத்தவர்களின் குடும்பங்களுக்குக் கொடுத்த அதே 20 லட்சத்தை, ஏழாண்டு காத்திராமல், காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் கொடுத்தது. சுனாமிக்குப் பிறகும் ஏழாண்டுக் கெடுவைத் தளர்த்திச் சிறப்பு நடைமுறை வகுத்திருந்தார்கள். 2024 வயநாடு நிலச்சரிவுக்குப் பின் கேரள அரசும் காணாமல் போனவர்களை இறந்தவர்களாக ஏற்கத் தனிக் குழுக்களை அமைத்தது.

ஆக, கெடு தளரும். நூற்றுக்கணக்கானவர் ஒரே நாளில் போனால் தளரும். ரயிலை மறிக்க ஆள் இருந்தால் தளரும். ஒரே ஒரு துப்புரவுப் பணியாளர், ஒரே ஒரு குளியாளி காணாமல் போனால் அதே சட்டம் இறுகிவிடுகிறது. ஒக்கிக் கிராமங்களிடம் நாம் கற்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். யார் யார் எந்தப் படகில் போனார்கள் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது, எழுதவும் முடிந்தது. உப்பளத்துக்கோ துறைமுகத்துக்கோ ஒப்பந்தக்காரர் வண்டியில் ஏற்றிப்போகும் கூலியாளுக்கு அப்படி ஒரு ஏடு எங்கே இருக்கிறது?

அக்கரையில் இதே கேள்வி இன்னும் கொடுமையான வடிவில் எழுந்தது. போருக்குப் பிறகு இலங்கை அரசு 2010இல் ஒரு சட்டம் போட்டு, ஓராண்டுக்கு மேல் காணாமல் போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் தர முன்வந்தது. தாய்மார்கள் பலர் வாங்க மறுத்தார்கள். என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனவர்களே அவன் செத்தான் என்று எழுதித் தருவார்கள், அதை நான் கையெழுத்திட்டு வாங்க வேண்டுமா என்பது அவர்களுடைய கேள்வி. 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இறந்தார் என்று சொல்லாமல், ஆள் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளும் சான்றிதழ் ஒன்று வந்தது. அதைக் கொண்டு குடும்பம் உதவித் திட்டங்களை நாடலாம், சொத்து விவகாரங்களைக் கவனிக்கலாம். அங்கே நீதி கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, கிடைக்கவில்லை. ஆனால் ஒரு பெண் தன் புருஷனைத் தன் கையாலேயே சாகடித்தால்தான் ரேஷனும் வேலையும் என்ற நிபந்தனையிலிருந்து விலக ஒரு காகிதம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை. இங்கே தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கும் பெண்ணிடம், படிவத்தில் 'விதவை' என்ற கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்கிறோம்.

கருணை என்ற சொல்

பணியில் இறந்தவரின் குடும்பத்துக்குத் தரும் வேலைக்குக் கருணை என்று பெயர் வைத்ததிலேயே பாதி நியாயம் போய்விட்டது. கேட்பவர் மனுதாரராக இல்லாமல் யாசிப்பவராக நிற்க வேண்டியிருக்கிறது. மத்திய அரசில் நேரடி நியமன இடங்களில் 5 சதவீதம்தான் இதற்கு. அதுவும் கீழ்நிலைப் பணிகளில் மட்டும். அதற்குள் ஒரு நுணுக்கம் இருக்கிறது, மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கருணை நியமனம் பெறுபவர் பட்டியல் சாதியினர் என்றால், இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் பட்டியல் சாதிக்கான இடத்தில்தான் அவரைக் கணக்கு வைப்பார்கள். அதாவது அப்பா செத்ததற்குக் கிடைத்த வேலை, இன்னொரு தலித் இளைஞருக்கு வந்திருக்க வேண்டிய இடத்திலிருந்து கழிகிறது.

துப்புரவுப் பணியாளரின் பட்டம் படித்த மகளுக்கு அப்பாவின் துடைப்பத்தையே நீட்டுவது இன்னொரு கொடுமை. வாரிசு வேலை என்ற பெயரில் சாதி வேலை வாரிசாகிறது. அதை எதிர்க்க வேண்டும் என்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தத் துடைப்பமும் நிரந்தரமாக இல்லாமல் போகிறது. 2022இல் வந்த நகராட்சி நிர்வாகத் துறையின் அரசாணை 152 மாநகராட்சிகளில் இந்த வேலைகளை வெளியாட்களிடம் ஒப்படைக்க வழி செய்தது. தொழிற்சங்கங்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன. நிரந்தரப் பணியிடம் போனால் அதோடு கருணை நியமனமும் போகும்.

இந்த ஊரில் 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டபோது குடும்பங்களுக்கு அரசு வேலை கொடுத்தார்கள். படிப்புக்குப் பொருந்தாத வேலைகள் என்று குடும்பங்கள் விடாமல் கேட்டன. 2021 மே மாதம் தகுதிக்கேற்ப ஆணைகளை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

முடிக்கும் முன், நாளையே ஒரு வீட்டுக்குப் போக நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பாதீர்கள், எஃப்.ஐ.ஆர். எண் வாங்குங்கள். கடலில் போனவரென்றால் எந்தக் காவல் நிலைய எல்லை என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். எல்லை எதுவானாலும் புகாரைப் பதிந்து மாற்றி அனுப்பலாம். அலுவலகத்துக்கு அதே வாரத்தில் மனைவி பெயரில் ஒரு கடிதம் போக வேண்டும்: என் கணவர் பணிக்கு வராமல் இருக்கவில்லை, காணாமல் போயிருக்கிறார், எஃப்.ஐ.ஆர். எண் இது, இனி வரும் மெமோக்களை எனக்கு அனுப்புங்கள். மெமோ வந்தால் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் இதே பதிலை எழுதுங்கள். காணாமல் போனவர்மேல் ஒருதலை விசாரணை நடத்தி நீக்குவதைப் பிற்பாடு நீதிமன்றத்தில் உடைக்க இந்தக் கடிதம்தான் கையில் இருக்கும் ஆயுதம். ஆறு மாதத்தில் குடும்ப ஓய்வூதியம் கேளுங்கள். மத்திய அரசு சார்ந்த பணியென்றால் இரண்டாம் ஆண்டு முடிந்ததும் கருணை நியமன மனு. மாநிலப் பணியென்றாலும் மூன்றாண்டுக் கெடு முடிவதற்கு முன்பே மனுவைக் கொடுத்துவையுங்கள். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், கேட்ட தேதி நம்மிடம் இருக்கும்.

மனுவில் 'இறந்த தேதி' என்ற கட்டம் இருக்கும். அதை வெறுமையாக விடாதீர்கள், மனம் வராத தேதியையும் எழுதாதீர்கள். அச்சடித்த எழுத்தை அடித்துவிட்டு, மேலே பேனாவால் 'காணாமல் போன தேதி' என்று எழுதி, நாளைக் குறிப்பிட்டு, எஃப்.ஐ.ஆர். நகலை இணைத்து, ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள். அட்டை திரும்பி வந்ததும் அதன் இரண்டு பக்கத்தையும் நகலெடுத்து ஒன்றை அந்த வீட்டிலும் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் மை சீக்கிரம் மங்கிவிடும்.